கண்ணில்லாதவர் செய்த கண்ணாடிக் கூடு

தேன் பெட்டி என்றதும் நமக்குத் தேன்தான் நினைவுக்கு வரும். உள்ளே நடப்பதைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் பெட்டி செய்தார். அவருக்குப் பார்வை கிடையாது!

பிரான்சுவா ஊபர் 1750இல் ஜெனீவாவில் பிறந்தவர். பதினைந்து வயதில் மங்கத் தொடங்கிய கண்கள் நாளடைவில் முழுவதும் இருண்டன. அவரை விரும்பிய பெண்ணின் தகப்பனார் திருமணத்திற்குச் சம்மதிக்கவில்லை. தானே முடிவெடுக்கும் வயது வரும்வரை காத்திருந்து, அந்தப் பெண் அவரையே மணந்தார். வீட்டுப் பணியாளர் பர்னென்ஸ் அவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவார். தேனீ நூல்களைக் கேட்கக் கேட்க ஊபருக்குச் சந்தேகங்கள் எழுந்தன.

ராணித் தேனீ எப்படிக் கருவுறுகிறது? ஆண் தேனீக்களின் வாசனையே போதும் என்று ஹாலந்து அறிஞர் ஸ்வாமர்டாம் எண்ணியிருந்தார். பார்த்துவிடலாம் என்றால், கூட்டில் அடைகள் நெருங்கித் தொங்குகின்றன. இரண்டு அடை இருந்தாலே ராணி நடுவில் மறைந்துகொள்ளும். ஆகவே ஒரே ஓர் அடை நிற்கும் அளவுக்கு ஊபர் இரு கண்ணாடிகளையும் நெருக்கினார். இனி ஒளிய இடமில்லை. பிறகு, கூடு இயல்பான கூடாகவே இருக்க வேண்டும் என்பதற்காக, பல மரச் சட்டங்களைக் கீல் போட்டு இணைத்தார். புத்தகத்தின் ஏடுகளைப் புரட்டுவதுபோல் ஒவ்வோர் அடையையும் விரித்துப் பார்க்கலாம்.

ஆண் தேனீக்களைத் துளையிட்ட சிறு பெட்டியில் அடைத்துக் கூட்டுக்குள் வைத்தார்கள். வாசனை பரவியது; ராணி மலடாகவே இருந்தது. 1788இல், வெளியே பறந்து திரும்பிய ராணியின் உடலில் கலவியின் அடையாளத்தைப் பர்னென்ஸ் கண்டார். விஷயம் கூட்டுக்கு வெளியே, வானத்தில் நடக்கிறது!

வேலைக்காரத் தேனீயும் முட்டையிடுமா என்று அறிய, இரண்டு கூடுகளின் தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்தவரும் இதே பர்னென்ஸ்தான். பதினொரு நாள் வேலை. கொட்டு வாங்கியது அவர், புகழ் இன்னொருவருக்கு என்று சிலர் சொல்லலாம். ஆனால் 1792இல் வெளிவந்த நூலில் ஊபர் அவருடைய பங்கை மறைக்கவில்லை.

இன்று வீட்டில் இப்படி ஒரு கூடு செய்ய விரும்புவோருக்கும் இடைவெளிதான் முக்கியம். தேனீ நடமாட 6 முதல் 9 மில்லிமீட்டர் வழி வேண்டும். அதிகமாக விட்டால் அந்த இடத்திலும் அடை கட்டி, கண்ணாடியை மறைத்துவிடும். சுவரில் துளையிட்டு ஒரு குழாய் பொருத்தினால் தேனீக்கள் நேரே வெளியே போய்வரும். பார்க்காத நேரத்தில் கண்ணாடியை மூடிவைக்க வேண்டும். வெயில் நேரே பட்டால் மெழுகு இளகி அடை சரியும். புழுக்கள் வளரக் கூட்டுக்குள் 34, 35 டிகிரி சூடு தேவை. ஒற்றை அடையில் இருக்கும் சிறு கூட்டம் அதைக் காக்கத் திணறும். சோர்வு தெரிந்தால், அடையோடு எடுத்துப் பெரிய பெட்டியில் சேர்த்துவிடுவதே நல்லது.