சுவருக்குள் தட்டுவது யார்?
(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னை "குழாய்ச் சத்தம் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் சார்" என்று கேட்டபோது, இதில் பத்து நிமிடத்துக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், நம் கட்டடத்தில் இரண்டு குடும்பங்கள் எட்டு மாதம் முகம் பார்க்காமல் இருந்ததற்குக் காரணமே அந்தச் சத்தம்தான். இரு வீட்டாரும் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்த பிறகே இதைச் சொல்கிறேன்.

இரண்டாம் மாடியில் இருக்கும் அம்மாவுக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னால் தலைமாட்டுச் சுவரில் 'டம்' என்று ஒரு இடி. அதோடு தூக்கம் போய்விடும். மேல் வீட்டில் உரலைப் போட்டு இடிக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். மேல் வீட்டுக்காரர்களோ, அந்த நேரத்தில் நாங்கள் எழுந்திருப்பதே இல்லை என்றார்கள். அம்மா நம்பவில்லை. வார்த்தை தடித்தது. பொங்கலுக்கு வழக்கமாகப் போய் வரும் தட்டு போகவில்லை. சங்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார்கள், நாமும் "அனுசரித்துப் போங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை.

இதற்கு நடுவில் மகளைப் பார்க்க நியூயார்க் போனேன். குயின்ஸ் பகுதியில், போருக்கு முந்தைய பழைய கட்டடத்தில் வாடகை வீடு. குளிர் காலத்தில் ஜன்னலுக்குக் கீழே இரும்பில் ஒரு சட்டம் நிற்கும், ரேடியேட்டர் என்பார்கள். கீழ்த்தளத்தில் பாய்லர் கொதித்து, நீராவி குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறும். அந்த ஊர்ச் சட்டப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டுச் சொந்தக்காரர் வீட்டைச் சூடாக வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் முதல் ராத்திரி யாரோ சுத்தியலால் அடிப்பது போல அந்த இரும்பு அடித்துக்கொண்டே இருந்தது. மகள் "மேல் வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது அப்பா" என்றாள். அங்கேயும் அதே பழிதான்!

மறுநாள் கட்டடத்தைப் பராமரிக்கிறவர் வந்தார். ரசமட்டத்தை ரேடியேட்டர் மேல் வைத்துப் பார்த்தார். குழாய் இல்லாத பக்கத்துக் கால்களுக்கு அடியில் இரண்டு மெல்லிய மரத்துண்டுகளைச் செருகினார். வால்வு பாதி திறந்திருந்தது. "முழுக்கத் திற, இல்லாவிட்டால் முழுக்க மூடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவே சத்தம் நின்றது. விஷயம் இதுதான்: ஒரே குழாயில் ஆவி உள்ளே வர வேண்டும், குளிர்ந்து தண்ணீரான பிறகு அதே வழியாகத் திரும்பிப் போகவும் வேண்டும். ரேடியேட்டர் தப்பான பக்கம் சாய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும், பின்னால் வரும் ஆவி அதை வாரி எறியும். அதைப் பார்த்ததும் எனக்கு நம் இரண்டாம் மாடி அம்மாவின் ஞாபகம்தான் வந்தது.

ஊர் திரும்பியதும் அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "சத்தம் கேட்டால் மணியை மட்டும் குறியுங்கள், யார் மேல் சந்தேகம் என்று எழுத வேண்டாம்" என்றேன். ஒன்பது நாள் குறித்தார். நான் சம்ப் மோட்டார் பக்கத்தில் நாற்காலி போட்டு மூன்று நாள் விடியற்காலையில் உட்கார்ந்தேன். மோட்டார் தானாக நிற்கும் அதே நொடியில் மேலே 'டம்'. மூன்று நாளும் பிசகாமல்.

என்ன நடக்கிறது என்று கேட்டால், சம்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஒன்றரை இன்ச் குழாய் சுமார் 12 மீட்டர் ஏறுகிறது. அதற்குள் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 15 லிட்டர், ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றதும் அந்த ஒரு குடம் தண்ணீர் ஒரு கணம் மேலே போய், பிறகு கீழே திரும்பும். திரும்பாமல் தடுக்கத்தான் நான்-ரிட்டர்ன் வால்வு. நம்முடையது பழசு. அதன் கதவு சோம்பேறியாக, தண்ணீர் கீழே ஓட ஆரம்பித்த பிறகுதான் சாத்தியது. ஓடுகிற தண்ணீரின் முகத்தில் கதவை அறைந்தால் என்ன ஆகும்? அதுதான் இடி. ஆங்கிலேயர்கள் இதைத் தண்ணீர்ச் சுத்தியல் என்கிற பொருளில் அழைக்கிறார்கள்.

இதற்குக் கணக்கு உண்டு. ரஷ்ய அறிஞர் ஜுகோவ்ஸ்கி 1897-இல் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து கண்டுபிடித்தது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் சட்டென்று நின்றால், பிளாஸ்டிக் குழாயில் சுமார் 40 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் ஒரு கணத்துக்குக் கூடுதலாக ஏறும். இரும்புக் குழாயென்றால் 130 மீட்டர் அளவுக்கே போகும். நம் கட்டடமே 12 மீட்டர்தான். ஆகவே இது காதுக்கு மட்டும் தொல்லை என்று நினைக்காதீர்கள். தினம் நாலு முறை இப்படி அடி வாங்கும் ஒட்டு ஒருநாள் விட்டுவிடும். போன வருடம் டக்டில் எல்போ பிளந்து மீட்டர் போர்டு வரை நனைந்தது நினைவிருக்கிறதா? அன்று மட்டமான எல்போ என்று பிளம்பர் தம்பியைத் திட்டினோம். எனக்கு இப்போது அதில் வெட்கம்தான்.

செய்தது இரண்டே வேலை. ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வு போட்டோம். தண்ணீர் திரும்புவதற்கு முன்பே ஸ்பிரிங் கதவைச் சாத்திவிடும். இரண்டாவது, டக்டில் குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப்கள் பாதி கழன்று தொங்கின. அந்தக் குழாய்தான் அம்மாவின் தலைமாட்டுச் சுவரை மோதிக்கொண்டிருந்தது. நடுவில் ரப்பர் கொடுத்துப் புதிதாக மாட்டினோம். பில் சங்கக் கணக்கில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்குள்ளேயும் இதே கதை உண்டு. வாஷிங் மெஷின் தண்ணீரைச் 'சடக்' என்று நிறுத்தும்போதும், கால் திருப்பில் மூடும் குழாயைப் படாரென்று மூடும்போதும் கேட்கும் சத்தம் இதுதான். ஒரு நொடி எடுத்து மெதுவாக மூடினாலே பெரும்பாலும் போய்விடும். மெஷினுக்குப் போகும் ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். சத்தம் குழாய் வழியாக எங்கும் போகும் என்பதால், மூன்றாம் மாடியில் கேட்பது தரைத்தளத்து மெஷினாகவும் இருக்கலாம். மாடிப்படி ஏறிப் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் மணியைக் குறியுங்கள்.

ஹீட்டர் உள்ளவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். வெந்நீர் திறந்த பிறகு சுவரில் 'டிக் டிக்' என்று கேட்டால் பயம் இல்லை. மூன்று மீட்டர் சிபிவிசி குழாய் 30 டிகிரி சூடேறினால் சுமார் 5 மில்லிமீட்டர் நீளும், கிளாம்ப்பில் உரசிக்கொண்டு நகரும். ஆனால் ஹீட்டருக்குள்ளேயே கெட்டில் கொதிப்பது போல இரைந்தால், அது உப்பு. நம் போர் தண்ணீர் பக்கெட்டில் விடும் வெள்ளைப் படலம்தான் உள்ளே காயில் மேல் கல்லாகப் படிகிறது. அதற்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து வெடிக்கிற ஓசை அது. இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. தண்ணீரைச் சோதித்து நம் எண் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. ஹீட்டரை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், சூடு ஏற ஏற உப்பு வேகமாகப் படியும். சுத்தம் செய்வதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஹீட்டர் அடியில் உள்ள பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று ஒரு வீட்டில் பிளக் போட்டு அடைத்திருந்தார்கள். நான் பார்த்ததும் மெயினை அணைக்கச் சொன்னேன். தண்ணீர் சூடானால் விரியும், கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். அதை அடைத்தால், தெர்மோஸ்டாட் பழுதாகும் அன்று அழுத்தம் வெளியேற வழியே இல்லை. வீட்டுக்குள் குண்டு வைத்த மாதிரி. இன்று போனதும் எல்லோரும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

இன்னொன்று, நாம் நிற்கிற இந்த மாடியிலேயே. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களில், தொட்டிக்கு மேலே வளைந்து நிற்கிற காற்றுக் குழாய்களில் இரண்டைக் கொசு வருகிறதென்று யாரோ மூடி போட்டு அடைத்துவிட்டார்கள். தொட்டி கழுவிய பிறகு குழாய் துப்பிக்கொண்டும் உறுமிக்கொண்டும் வருவது அதனால்தான். மூடியை எடுத்துவிட்டு வலை கட்டினால் கொசுவும் வராது, காற்றும் போகும்.

மோட்டார் நேரம் பற்றி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. மோட்டாரை அந்த நேரத்தில் ஓட்டாமல் இருக்க டைமர் போதும், ஆனால் இரவே தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். அதைப் பார்க்க ஒரு குழு வேண்டும் என்று மூன்று கூட்டமாகக் கேட்கிறார் செயலாளர், ஆள் வரவில்லை. நம் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு இருக்கிறது. 921-ஆம் ஆண்டில் ஏரி வாரியத்துக்கே குடவோலை போட்டு ஆள் எடுத்த ஊர் இது! 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. நான் அந்தக் கணக்கில் தேற மாட்டேன், உங்களில் நிறைய பேர் தேறுவீர்கள்.

அம்மா இப்போது ஆறு மணி வரை தூங்குகிறாராம். ஆடி வெள்ளிக்கு மேல் வீட்டிலிருந்து கூழ் வந்தது, பாத்திரம் வெறுமனே திரும்பிப் போகவில்லை. ஞாயிறு காலை 7 மணிக்கு பிளம்பர் தம்பி வருகிறார். டக்டில் மற்ற இரண்டு குழாய்களின் கிளாம்ப்களைப் பார்க்கப் போகிறோம். டக்டுக்குள் பழைய பெயிண்ட் டப்பா, துடைப்பம், சைக்கிள் டயர் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள்.