பழைய வெயிலின் வடு

வெலிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கை அளித்ததன்று. 1920ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி, கப்பல்கள் வர வழி செய்தற்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய நிலம் அது. அத்துறைமுக மேடையில் நண்பகலில் நிற்பவர்க்கு நிழல் அரிது. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே கொச்சி அமைந்திருத்தலால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டுக் கடைசியிலும் கதிரவன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறான். ஆகஸ்டில் மேகம் மூடியிருக்குமே என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. புற ஊதாக் கதிர்களில் ஒரு பங்கு மேகத்தையும் கடந்துவிடும்.

தீவிலிருந்து சரக்கேற்றிச் செல்லும் லாரி ஓட்டிகளின் கைகளைக் கவனியுங்கள். சன்னலோரத்து வலக்கை பெரும்பாலும் இடக்கையினும் கறுத்திருக்கும். 2012இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று, 28 ஆண்டுகள் வண்டி ஓட்டிய 69 வயது முதியவர் ஒருவரின் படத்தை வெளியிட்டது. முகத்தின் இடப்பாதி தடித்து ஆழச் சுருங்கியிருந்தது. வலப்பாதியோ பல ஆண்டு இளமையாய்த் தோன்றியது. அந்நாட்டில் ஓட்டுநர் அமர்வது இடப்புறம். எரிக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆழ ஊடுருவித் தோலைத் தாங்கும் நார்களைச் சிதைக்கும் கதிரைப் பெரும்பாலும் தடுப்பதில்லை.

நம் தோலின் கருநிறம் நமக்கு ஓரளவு கவசமே. ஆகவே நம்மிடம் சுருக்கத்துக்கு முன்னே மங்கும் திட்டுகளும் தோன்றுகின்றன. இவற்றைத் தீர்க்கலாமா?

ஓரளவு தீர்க்கலாம். முதல் மருந்து வெயிலை இனியேனும் தடுப்பதே. ஆஸ்திரேலியாவில் 903 பேரிடம் நான்கரை ஆண்டுகள் நிகழ்ந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. வெயில்தடுப்புக் களிம்பை நாள்தோறும் பூசியோரின் தோல் மூப்பு, விருப்பம்போல் பூசியோரினும் 24 விழுக்காடு குறைவு. நடுவயதினர்க்கும் இப்பயன் கிட்டிற்று என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அடுத்தது டிரெட்டினாயின் களிம்பு. இரவில் மெல்லப் பூசுவது. முதலில் எரிச்சலும் உரிதலும் தரும். பலன் காணப் பல மாதங்கள் ஆகும். கருவுற்ற தாய்மார் இதனைத் தொடலாகாது. லேசரும் அமிலப் பூச்சும் கைதேர்ந்தவரிடமன்றி வேண்டா. நம் தோலில் அவை புதிய கருமையை விட்டுச் செல்லக்கூடும்.

இவ்விடத்தில் நாம் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியுள்ளது. மங்கு மறைய வேண்டும், நிறம் வெளுக்க வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. ஒரு வாரம் முகம் பளபளக்கும். பின்னர்த் தோல் மெலிந்து, சிவந்து, பரு எழும்பி, நிறுத்தினால் எரியும். 2018இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாதென விதித்தது. ஆயினும் அண்டை வீட்டார் சொன்னதே நமக்குச் சீட்டு!

வெயில் படுமிடத்தில் சொரசொரப்பான செதில் நெடுநாள் நீங்காதிருப்பினும், ஆறாத புண் தோன்றினும், மச்சம் உருமாறினும் அழகுக் களிம்பை ஒதுக்கிவிட்டுத் தோல் மருத்துவரை நாட வேண்டும். புற்றுக்கு முன்னோடியான செதிலைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்தே அகற்றிவிடலாம். அதற்குச் சில நிமிடங்கள் போதும்.