காந்த வேலியும் கரிச் சுவரும்

சூரியனுக்குள் நடப்பதைப் பூமியில் நடத்த, பத்துக் கோடி டிகிரிக்கு மேல் காய்ந்த, மின்னேறிய வாயுவாகிய பிளாஸ்மா வேண்டும். அதை எந்தப் பாத்திரம் தாங்கும்? காந்த வேலிக்குள் வைக்கிறார்கள். வேலியிருக்கச் சுவருக்கென்ன கேடு என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். வேலியிலும் கசிவுண்டு, கசிந்தது காந்தக் கோட்டைப் பிடித்தோடிச் சுவரில் மோதுகிறது.

இங்கிலாந்தில், கல்ஹாமில் 2023 வரை நடந்த ஜெட் யந்திரத்தில் நெடுநாள் கரி ஓடுகளைப் பதித்திருந்தார்கள். கரி உருகாது, வாஸ்தவந்தான். ஆனால் அது அரிபட்டு, டிரிட்டியம் என்ற அருமையான எரிபொருளையும் தன்னோடு சேர்த்துப் படியவைத்துக்கொண்டது. காவல்காரனே களவாடினால் யாரிடம் சொல்லிக்கொள்வது? 2011-ல் கரி போய், பெரிலியமும் டங்ஸ்டனும் வந்தன. டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆயினும் அதன் அணுக்கள் சொற்பம் உள்ளே புகுந்தாலும், வெப்பத்தைக் கதிராக வெளியே கொட்டிப் பிளாஸ்மாவைக் குளிர்த்துவிடும்.