முதுமையில் மாதர் உடல் எடை

(நீடாமங்கலத்தில் நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



பருவம் முதிர்ந்த பெண்மணிக்குத் தக்க எடை யாது என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

உடல் நிறைக் குறியெண் என மருத்துவர் கூறுவது எளிய கணக்கே. உயரத்தை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையால் கிலோ எடையை வகுத்தல் வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரமும் 54 கிலோ எடையும் உடைய அம்மையார்க்குக் குறியெண் 24 ஆகும். 2009-இல் நம் நாட்டு மருத்துவ வல்லுநர் இந்தியர்க்கு வகுத்த நல்வரம்பு 18 முதல் 22.9 வரை, 23 முதல் மிகை எடை, 25 முதல் பருமன். மேனாட்டாரினும் நமக்கு வரம்பு குறுகியது ஏன்? குறைந்த எடையிலேயே நம்மவர்க்கு வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவு தோன்றுதலின் என்க.

ஆயின், இக்கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜிய நாட்டுக் குவெட்லே என்பார், மக்கட்கூட்டத்தின் சராசரியை அறியவே அதனை வகுத்தார்; தனியொருவரின் நலம் அறிய அன்று. முதுமையில் அது மயக்கம் தரும். முதுகெலும்பு தேய்ந்து உயரம் 4 சென்டிமீட்டர் குறைந்தால், மேற்கூறிய அம்மையார் ஒரு பலமும் கூடாமலே 25-ஐக் கடந்துவிடுவார். மற்றொருவர் தசை கரைந்து, கொழுப்பு ஏறி, எண் மாறாமலே வலிவிழப்பார்.

நம்மூர் மூணாற்றுத் தலைப்பை யாவரும் அறிவீர்கள். வந்த நீர் எவ்வளவு என்றறிந்தால் மட்டும் போதுமா? வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்னும் மூன்றனுள் எதில் எவ்வளவு சென்றது என்பதன்றோ உழவர்க்கு வேண்டுவது? எடையும் அத்தகையதே. தசை, எலும்பு, கொழுப்பு ஆகியவற்றுள் எது பெருகிற்று, எது குறைந்தது என்று காணல் வேண்டும். அதற்குத் தையற்காரரின் அளவு நாடா துணை செய்யும். பெண்டிர்க்கு வயிற்றின் சுற்றளவு 80 சென்டிமீட்டரைக் கடத்தலாகாது. கையூன்றாமல் நாற்காலியினின்று எழ இயலுகின்றதா என்பது தசையின் வலிவைக் காட்டும்.

சிலர் மெலிவைப் புகழ்கின்றனர். முயலாமலே ஓராண்டிற்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைதல், அதாவது 54 கிலோ உடையார்க்கு ஏறத்தாழ 3 கிலோ குறைதல், புகழ்தற்குரியதன்று. உடனே மருத்துவரிடம் உரைத்தற்குரியது. 65 வயது கடந்தார்க்குச் சற்று மிகுந்த எடையினும் மெலிவே பெருந்தீங்கு எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

நம் இல்லங்களில் யாவர்க்கும் படைத்தபின், எஞ்சிய சோற்றையும் ரசத்தையும் உண்டு எழுபவர் மூதாட்டியே. சோறு வயிற்றை நிரப்பும். தசையைக் காக்கப் பருப்பும் பாலும் முட்டையும் மீனும் போல்வன வேண்டும். சம்பா அறுத்த வயலில் விளையும் உளுந்தும் பயறும் மூட்டை மூட்டையாய் விலைக்குப் போகின்றன. அவற்றுள் நாளொன்றுக்கு ஒரு பிடி அம்மூதாட்டியின் இலைக்கு வருக. சிறுநீரக நோயுடையார் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவறிந்து உண்க. நாள்தோறும் நடையும் வேண்டும்.

இளையோரே! "அம்மா, உண்டீர்களா?" என்று கேட்பதோடு அமையற்க. "என்ன உண்டீர்கள்?" என்றும் வினவுங்கள்.