கையில் ஒரு பெட்டி, கண்முன்னே நம் ஊர்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பெட்டியைப் பார்த்து, "செஸ் போர்டா சார்?" என்று கேட்டான் பக்கத்து வீட்டுப் பையன். இது வெளியில் உட்கார்ந்து ஆயில் பெயின்டிங் வரைவதற்கான பெட்டி.

இதை ஏன் செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1962-ல் மின் உற்பத்தியைத் தொடங்கிய நமது முதல் அனல் மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டது. அன்று வீட்டு ஆல்பத்தைப் புரட்டினேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் இருந்தன. ஷிப்டுக்குப் போகும்போது தினமும் பார்த்த அந்தப் புகைபோக்கிகள் ஒரு படத்திலும் இல்லை. இனி கண்ணில் படுவதையாவது விடக்கூடாது என்று தோன்றியது.

வாட்டர் கலர் நம் வெயிலில் சட்டென்று காய்ந்துவிடும். ஆயில் பெயின்ட் காய நாள்கணக்கில் ஆகும். நிதானமாகக் கலக்கலாம், தவறினால் வழித்துவிட்டுத் திரும்பப் பூசலாம். சிக்கல் வேறு: ஈரப் படத்தை வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? அதற்குத்தான் இந்தப் பெட்டி. மூடியைத் திறந்தால் அதுவே படம் நிற்கும் சட்டம். கீழ்ப்பகுதி வண்ணம் கலக்கும் தட்டு, அதனடியில் டியூபும் தூரிகையும். மூடியின் உள்ளே உள்ள காடிகளில் ஈரப் பலகைகளைச் செருகினால் ஒன்றோடொன்று ஒட்டாது.

ஒரு காலத்தில் ஓவியர்கள் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வெளியே எடுத்துப்போவது எளிதாயிற்று. 1917-ல் மறைந்த கனடா ஓவியர் டாம் தாம்சன், காட்டில் உட்கார்ந்து சுமார் எட்டரைக்குப் பத்தரை அங்குலப் பலகைகளில் வரைந்தார். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆகவே சிறியது என்று தயங்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் மாறிவிடும். அதற்குள் முடிக்கச் சிறிய பலகைதான் வசதி.

வெளிநாட்டுப் பெட்டிகள் விலை அதிகம். நான் மிச்சமான பிளைவுட்டில் தச்சரிடம் சொல்லிச் செய்தேன். இரண்டு கீல், மூடி சாயாமல் பிடிக்க ஒரு சங்கிலி, கேமரா ஸ்டாண்டில் மாட்ட அடியில் ஒரு கால் அங்குல நட். ஹார்டுபோர்டை வெட்டி இரண்டு கை பிரைமர் அடித்தால் பலகை தயார். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், நம் செம்மண்ணுக்கு ஒரு பர்ன்ட் சியன்னா. தொடங்க இவை போதும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அது காயும்போது சூடேறும்; சுருட்டிக் கிடந்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடுங்கள். டர்பன்டைனை அடுப்பருகே வைக்காதீர்கள், சிங்க்கில் கொட்டாதீர்கள். பாட்டிலில் தெளியவிட்டால் மேலே உள்ளதைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

சுரங்கம், மின் நிலையம் பக்கம் அனுமதியில்லாமல் போய் உட்கார வேண்டாம். வரைய நம் தெருவே இருக்கிறது: நிழல் சாலை, பழைய குவார்ட்டர்ஸ், டீக்கடை, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு. சுரங்கம் நகர நகர நம் ஊரும் மாறும். இன்று சாதாரணமாகத் தெரிவது நாளை இருக்குமா என்று சொல்ல முடியாது. நன்றாக வரைய வேண்டும் என்பதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே அது மனதில் தங்கிவிடும்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பூங்கா வேப்பமரத்தடியில் இருப்பேன். பெட்டி இல்லாவிட்டாலும் வாருங்கள்; என் பெட்டியில் இருவருக்கு இடமிருக்கிறது.