துரை வீட்டு ஹாமும் எங்க லைன் பன்னியும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



உணவு அரசியல் பத்திப் பேசணும்னு கேட்டிருந்தீங்க. மாட்டுக்கறி பத்தி நிறையப் பேசியாச்சு. தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள உறவை அண்ணல் அம்பேத்கர் 1948லேயே நூலாக எழுதிவிட்டார். நான் இன்னைக்குப் பன்னிக்கறி பத்திப் பேசப்போறேன். அதுலயும் குறிப்பா ஒரு பண்டம். கிறிஸ்துமஸ் அன்றைக்கு வெள்ளைக்காரன் மேசையில் நடுநாயகமா உட்கார்ந்திருக்குமே, மேலே பாகு பூசி, கிராம்பு குத்தி, தங்கம் மாதிரி பளபளன்னு, அந்த ஹாம். அதை எப்படிச் செய்யறதுன்னும் சொல்லுவேன். சமையல் குறிப்பா மட்டும் கேட்டுக்காதீங்க.

எனக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல். வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி ஓடிவந்தவர்கள் தோண்டிய ஊர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்தது. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. மின்சாரம் சுரங்கத்துக்கும் பங்களாவுக்கும். எங்களுக்குத் தட்டி வீடு. மூங்கில் தட்டி, தலையை இடிக்கிற கூரை.

எங்க தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கலை. சின்ன வயசிலேயே ஒரு துரை வீட்டில் மேட்டி வேலைக்குச் சேர்ந்து, பாத்திரம் கழுவி, பிறகு குக் ஆனார். பட்லர் என்றுதான் லைனில் சொல்வார்கள். ஏன் நம்ம ஆளுங்க துரை வீட்டுச் சமையலறைக்குள் போனாங்க? மாட்டையும் பன்னியையும் தொட்டுச் சமைக்க சாதி இந்து வரமாட்டான். தொட்டால் தீட்டு. அந்தத் தீட்டுதான் நமக்கு வேலை கொடுத்தது. நம்மைத் தெருவுக்குள் விடாத அதே காரணம், துரையின் அடுப்படிக்குள் விட்டது. இதை விடுதலை என்றும் சொல்ல முடியாது, வெறும் அடிமைத்தனம் என்றும் சொல்ல முடியாது. 1878இல் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி மெட்ராஸ் சமையல் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதில் சமையல்காரனுக்கு ஒரே பேர்தான்: ராமசாமி. எல்லாருமே ராமசாமி. சமைத்த கைக்குத் தனியாகப் பேர் கிடையாது.

இப்ப ஹாமுக்கு வர்றேன். 1956இல் சுரங்கங்கள் அரசுடைமை ஆன பிறகு துரைமார்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன, எங்க ஊரில் சட்டைக்காரங்கன்னு சொல்வோம். வயசான பிறகும் தாத்தாவை டிசம்பரில் அவங்க கூப்பிடுவாங்க. 1973 டிசம்பரில் எனக்குப் பதினோரு வயசு. கூடமாட எடுத்துக் கொடுக்க என்னையும் அழைச்சுக்கிட்டுப் போனார்.

வேலை கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கும். பன்னியின் பின்னந்தொடை, முழுசா, எலும்போட, ஏழு கிலோவுக்குக் குறையாம. பெரிய பீங்கான் ஜாடியில் உப்புத் தண்ணி. எவ்வளவு உப்பு? பச்சை முட்டை மிதக்கணும், அதுதான் அளவு. அதோட வெல்லம், மிளகு, பிரிஞ்சி இலை. அப்புறம் வெடியுப்பு. அதுதான் கறிக்கு அந்த ரோஸ் நிறத்தைக் கொடுக்கிறது. அளவு தப்பினா விஷம். அதனால அதை மட்டும் தாத்தா யாரையும் தொட விடமாட்டார். கறி முதல்ல கெடறது வெளியில இல்லை, எலும்பை ஒட்டி உள்ளே. அதனால ஒரு நீளக் கம்பியால் எலும்போரமா ஓட்டை போட்டு உப்புத் தண்ணியை உள்ளே இறக்குவார். ஜாடியைச் சுற்றிப் பனிக்கட்டி. தினம் ஒருதரம் தொடையைத் திருப்பிப் போடணும். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படி.

பிறகு ஒரு ராத்திரி நல்ல தண்ணியில் ஊறவச்சு உப்பை இறக்கணும். மறுநாள் பெரிய அண்டாவில் வேகவைக்கணும். தண்ணி கொதிக்கக்கூடாது. “டேய், தண்ணி சிரிக்கணும், கத்தக்கூடாது” என்பார். கிலோவுக்கு முக்கால் மணி நேரம். ஏழு கிலோவுக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தத் தண்ணியிலேயே ஆறவிட்டு, வெதுவெதுப்பா இருக்கும்போதே மேல்தோலை உரிச்சு எடுப்பார். தோல்தான் போகணும். கொழுப்பு இருக்கணும்.

அந்த வெள்ளைக் கொழுப்பின் மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழிப்பார். கட்டம் கட்டமா விழும். கத்தி கறியைத் தொடக்கூடாது. கோடு கூடுகிற இடத்திலெல்லாம் ஒரு கிராம்பு. நான்தான் குத்தினேன். நாட்டுச் சர்க்கரை, கடுகுப் பொடி, ஆரஞ்சு மர்மலேட் மூணையும் குழைச்சு மேலே பூசி ஓவனுக்குள் வைப்பார். விறகு ஓவன். சூடு பார்க்க ஒரு வெள்ளைத் தாளை உள்ளே வைப்பார். தாள் பழுப்பாகிற வேகத்தை வச்சுச் சூட்டைச் சொல்லிவிடுவார். அரை மணி நேரம், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வழிகிற பாகை எடுத்து மேலே ஊத்தணும். சர்க்கரை கண் மூடித் திறக்கிறதுக்குள்ள கருகிடும். எழுதப் படிக்கத் தெரியாத மனுசன். உப்பு, நெருப்பு, நேரம் மூணையும் கையில் வச்சிருந்தார். இதை விஞ்ஞானம்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

அன்னைக்கு விருந்துக்கு வந்தவர்களில் ஒரு சாதி இந்து அதிகாரியும் இருந்தார். எங்க லைன் பக்கம் வந்தா ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்காதவர். ஹாமை முள்கரண்டியால் இரண்டு துண்டு சாப்பிட்டு, ரொம்ப அருமைன்னு ஆங்கிலத்தில் சொன்னார். கதவிடுக்கில் நின்னு பார்த்தேன். பன்னி எங்க தெருவில் இருந்தா மலம் தின்னி. எங்க வாயில் இருந்தா ‘பன்னி தின்ற சாதி’. பீங்கான் தட்டில் ஏறினா ஹாம். ஆக, பிரச்சினை பன்னியிடம் இல்லை.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. ஹாமுக்குப் பேர் போன அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பண்ணைகளில் பன்னி அறுத்து, உப்பிட்டு, புகை போட்டுத் தொடையைப் பதப்படுத்தியது கறுப்பின அடிமைகளின் கைகள். அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ் 1845இல் வந்த தன் வரலாற்றில், தன் பண்ணை அடிமைகளுக்கு மாசம் எட்டு பவுண்டு பன்றிக்கறி அல்லது அதுக்கு ஈடான மீன், ஒரு புஷல் சோளமாவு கொடுத்தார்கள் என்று கணக்கு எழுதியிருக்கிறார். எட்டு பவுண்டுன்னா மூன்றரைக் கிலோ சொச்சம். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள், கறுப்புச் சிறுத்தைகளின் பேரை எடுத்தது சும்மா இல்லை.

தோழர்களே, இதுவரைக்கும் சொன்னது சுலபம். மேலே இருக்கிறவனைத் திட்டுறது சுலபம். இனிமே சொல்லப்போறது எங்க வீட்டைப் பத்தி.

அந்தப் பன்னியை வளர்த்தது யார்? அறுத்தது யார்? தங்கவயலில் உலர் கழிவறைகளைச் சுத்தம் செய்யத் தெலுங்கு பேசுகிற நம் மக்கள் தனி லைனில் இருந்தார்கள். பெஜவாடா வில்சன், 2016இல் மக்சேசே விருது பெற்றவர், அப்படி ஒரு குடும்பத்தில் அதே தங்கவயலில் பிறந்தவர்தான். அந்த லைனிலிருந்துதான் ஒருத்தர் தாத்தாவுக்குப் பன்னித் தொடை கொண்டுவருவார். பங்களாவின் பின்கதவுக்கு வெளியே நிற்பார். தாத்தா தொடையை வாங்கிப் பார்த்து, விரலால் அழுத்தி, மோந்து பார்ப்பார். காசைக் கையில் கொடுக்கமாட்டார். மதில் சுவத்து மேல வைப்பார். அவர் எடுத்துக்குவார்.

அவர் அறுத்த கறியைத் தொடலாம், அவர் கையைத் தொடக்கூடாது. துரை மேசையில் உட்கார முடியாத என் தாத்தா, தனக்குக் கீழே ஒருத்தரை நிக்கவச்சார். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை நான் புத்தகத்தில் படிக்கிறதுக்கு முன்னாடி அந்த மதில் சுவத்து மேல பார்த்துட்டேன். எங்க பாட்டி அந்தக் கிறிஸ்துமஸ் முடிஞ்சு வந்த ஹாம் எலும்பைப் பருப்பில் போட்டுக் குழம்பு வைப்பாங்க. அதே பாட்டி அந்த லைன் பிள்ளைங்களோட விளையாடினா அடிப்பாங்க.

நான் மட்டும் யோக்கியமா? கல்லூரி விடுதியில் சேர்ந்தப்ப, “நீங்க பன்னி தின்பீங்களாடா?”ன்னு கேட்டாங்க. “நாங்க தின்னமாட்டோம், தோட்டிங்கதான் தின்பாங்க”ன்னு சொன்னேன். மாட்டுக்கறியை மேடையில் பேசினேன். பன்னிக்கறியை மறைச்சேன். நம்ம இயக்கத்துக்குள்ளயே இன்னைக்கும் இது இருக்கு. மாடுன்னா கலகம், பன்னின்னா மூக்கைப் பொத்துறோம்.

பன்னிக்கறி தின்னா மூளையில் புழு வரும்னு படிச்சவங்களே சொல்றாங்க. சரியாத் தெரிஞ்சுக்குங்க. சரியா வேகாத கறியால் வரக்கூடியது குடலில் நாடாப்புழு. மூளையில் வர்ற கட்டி அந்தக் கறியால் நேரா வர்றதில்லை. நாடாப்புழு உள்ள மனுசன் மலத்தில் வெளியேறும் முட்டைகள் தண்ணி, பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியா வாய்க்குள் போறதால் வருது. அதனாலதான் சுத்த சைவக்காரருக்கும் வருது. பன்னிக்கும் அந்தப் புழு மனுசன் மலத்திலிருந்துதான் போகுது. ஒழுங்கான கழிவறையும் சாக்கடையும் கட்டாத சமூகம், அதை அள்ள ஒரு சாதியை வச்சுட்டு, தின்ன பன்னியை விட்டுட்டு, கடைசியில் இரண்டு பேரையும் அசிங்கம்னு சொல்லுது. 1993இலும் 2013இலும் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து சட்டம் வந்தது. சாக்கடைக்குழிக்குள் இறங்கிச் சாவது நிற்கவில்லை. அதோட இதையும் சொல்லிடணும்: உப்பும் வெடியுப்பும் போட்டுப் பதப்படுத்திய கறி எதுவானாலும் தினம் தின்றால் புற்றுநோய் ஆபத்து உண்டுன்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் அறிவித்தது. ஹாம் பண்டிகைக்கு மட்டும் இருக்கட்டும்.

சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடியாச்சு. போன வருஷம் ஏப்ரல் 14க்கு நாங்க சில பேர் சேர்ந்து, அண்ணல் பிறந்தநாள் விருந்துக்குத் தாத்தா முறையில் ஒரு ஹாம் செய்யலாம்னு முடிவு பண்ணினோம். அந்தப் பழைய மனுசரின் மகனைத் தேடிப் போனேன். என் வயசு. இப்ப கொட்டகை போட்டுத் தீனி வச்சுப் பன்னி வளர்க்கிறார். வந்த விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. பிறகு கேட்டார்: “உங்க தாத்தா காசை சுவத்து மேல வைப்பாரு. நீங்க எப்படிங்க?”

எனக்குப் பதில் வரலை. அவரே சொன்னார்: “காசு அப்புறம். எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் உங்க தெருவுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடலாம்னா தொடை தர்றேன்.”

எங்க தெருவில் இரண்டு நாள் சண்டை. “ஜெயந்தி அன்னைக்குப் பன்னியா?” என்றார்கள். கறிதான் பிரச்சினை என்றார்கள். கறி இல்லை, வர்ற ஆளுங்கதான் பிரச்சினைன்னு எல்லாருக்கும் தெரியும். கடைசியில் நாலு வீடு வரலை. மீதி வந்தாங்க. ஓவன் இல்லை, பக்கத்து பேக்கரி அடுப்பில் வச்சு எடுத்தோம். ஒரு ஓரம் கருகிடுச்சு. தாத்தா இருந்தா திட்டியிருப்பார். அந்த அண்ணன் கத்தியை வாங்கி முதல் துண்டை அறுத்து, பக்கத்தில் இருந்த எங்க பெரியம்மா தட்டில் வச்சார். பெரியம்மா பாட்டியின் மகள். ஒரு நிமிஷம் தட்டைப் பார்த்தாங்க. சாப்பிட்டாங்க. “உப்பு கூட”ன்னாங்க.

இதோட சாதி ஒழிஞ்சதுன்னு நான் சொல்ல வரலை. அந்த நாலு வீட்டில் ஒண்ணு என் தம்பி வீடு. பன்னி தின்னாதான் தலித் என்றும் சொல்லலை. இஸ்லாமியத் தோழர் இருக்கார், பிடிக்காதவர் இருக்கார், யாரையும் கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்லை. நான் கேட்கிறது வேறே. என்ன சாப்பிடறோம்னு மேடையில் பேசறோமே, யாரோட உட்கார்ந்து சாப்பிடறோம்? நம்ம வீட்டு மதில் சுவத்து மேல இன்னும் யாருக்குக் காசு வைக்கிறோம்?

விடுதிக்குத் திரும்பிப் போனதும் இதை உங்களை நீங்களே கேட்டுப் பாருங்க. பதில் சொல்லக் கூச்சமா இருந்தா, நல்லது. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

ஜெய்பீம்.