யுத்தகாலத்து அடுப்பு: மலையகப் பாட்டிகளின் நினைவுகள்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையிலும் போட்டன. இரண்டாம் உலக யுத்தத்தில் இலங்கை பட்ட பாட்டை எழுதுவோர் பெரும்பாலும் இந்த இரு நாள்களைத்தான் எழுதுகிறார்கள். மலையகத்தின் அட்டன், தலவாக்கலைத் தேயிலைத் தோட்டங்களில் குண்டு விழவில்லை. ஆனால் யுத்தம் அங்கேயும் வந்தது, அடுப்படி வழியாக.

அன்று பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டிய பாட்டி. அப்படியொருவரிடம் யுத்தகாலத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சு பெரும்பாலும் அரிசிக்குத்தான் போகும்.

அதற்குக் காரணம் உண்டு. தொழிலாளருக்கு அரிசியைத் தோட்ட நிர்வாகமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கம் அப்போது இருந்தது. நாட்டுக்குள் வந்த அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்த வரத்து அறுந்தது. பங்கீட்டு அரிசி சுருங்க, கோதுமை மா வந்தது. சோறு வடித்தே பழகிய பெண்கள் மாவைப் பிசையவும் தட்டவும் பழகினார்கள். விடியுமுன் ரொட்டி சுட்டுவைத்து, பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் உணவில் ரொட்டியும் சம்பலும் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதில் அந்தத் தட்டுப்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு.

இந்தியாவிலிருந்த சொந்த ஊருக்குப் போய்வருவதும் சிக்கலானது. இந்திய அரசு 1939 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்திருந்தது. ஊருக்குப் போனவர் திரும்பி வர முடியாமல் குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. ஒரு குடும்பத்துக்கு இது குண்டைவிடச் சிறிய அடியா?

கூலிப் போராட்டமும் யுத்தம் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார்.

இத்தனைக்கும் நடுவில் கொழுந்தெடுப்பு நிற்கவில்லை. அதே 1940 ஜூலையில் பிரிட்டன் தேயிலையைப் பங்கீட்டுக்குள் கொண்டுவந்தது; ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். அந்தச் சிறு அளவைக்கூடக் குறையாமல் கொடுக்க இலங்கை, இந்தியத் தோட்டங்களின் கொழுந்து தேவைப்பட்டது. கூடை சுமந்த நம் பெண்கள் செய்தது யுத்தகாலச் சேவை என்றே நான் சொல்வேன். ஆனால் யுத்தம் முடிந்து மூன்றே ஆண்டில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கோப்புகளில் அவர்கள் பெரும்பாலும் தொழிலாளர் எண்ணிக்கையாகவே இருக்கிறார்கள். பங்கீட்டு மாவை எப்படிச் சமைத்தார்கள், பசித்த பிள்ளைக்கு என்ன சொல்லித் தூங்கவைத்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாய்மொழியில்தான் இருக்கின்றன.

மலையக மாணவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த விடுமுறைக்கு லயத்துக்குப் போகும்போது ஒலிப்பதிவுக் கருவியோடு போங்கள். யுத்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அன்று என்ன சமைத்தீர்கள், ஊருக்குப் போனவர் எப்போது திரும்பினார், பிள்ளைக்காம்பராவில் என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.